சிக்கனத்தில் அனுப்பிய முகம்

உச்சிமாகாளிக்குக் காடாத்து முடித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு, ஊரார் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கத்தாரிலிருந்து அவர் மகன் இசக்கிதுரை கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் அவன் கேட்டது ஒன்றைத்தான்.

"அப்பாவுக்கு உசிரு இருக்கும்போதே ஏன் எரிச்சிய?"

அரைமணி நேரத்தில் அவனுடைய தாய்மாமன் வன்னியராஜ், ஈர வேட்டியோடு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த குழலி ஸ்டுடியோ வாசலில் வந்து இறங்கினார். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

"வே கோமதிநாயகம், என்ன படம்வே எடுத்து அனுப்பியிருக்கீரு?"

கோமதிநாயகம் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுற்று வட்டாரத்தின் காதுகுத்து, கல்யாணம், கேதம் எல்லாவற்றுக்கும் அவர் கேமராதான். முந்தின நாள் ஆனைப்பாறையில் உச்சிமாகாளியின் கேதத்தையும் அவர்தான் எடுத்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு, வன்னியராஜ் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார்.

நல்ல படம். முதலில் அவருக்குத் தோன்றியது அதுதான். வெளிச்சம் கச்சிதமாக விழுந்திருந்தது. நடுவில் நாற்காலியில் உச்சிமாகாளி, கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, கண்ணெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் அவர் மனைவி சொர்ணத்தம்மாள் கொஞ்சம் வெட்கச் சிரிப்போடு அவரைப் பார்த்தபடி நின்றாள். சுற்றி நின்ற உறவெல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான், நேற்று அந்த நாற்காலியில் தான் எடுத்தது பிணத்தை என்று அவருக்கு உறைத்தது.

"இது நேத்து எடுத்ததா?"

"எங்கிட்டயா கேக்கீரு? நீருதானவே எடுத்தீரு! பொணத்தப் போயி மாப்பிள்ளை மாதிரி ஆக்கி வச்சிருக்கீரு. அந்தப் பய அங்க தலையத் தலைய முட்டுதான். கம்பவுண்டர் மட்டும்தான பாத்தாரு, மழை வருதுன்னு அவசரப்பட்டு எடுத்திட்டிய, அப்பா கண்ணத் தொறந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்காவ, உசிரோட கொளுத்திட்டியன்னு கத்துதான். நாங்க சொன்னா நம்பலவே. ஆளு சொல்லுத வார்த்தைய நம்பவா, கண்ணால பாக்குத படத்த நம்பவான்னு கேக்கான்."

கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். "சிக்கனம்," என்றார் மெதுவாக. "சிக்கனத்த அணைக்க மறந்துட்டேன்."

"என்ன சிக்கனம்?"

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிடும். 'ஒரு சின்னக் கேள்வி கேட்டா மின்சாரம் கண்டுபிடிச்ச நாளுல இருந்து ஆரம்பிப்பிய' என்று அவர் மனைவி குழல்வாய்மொழி கேலி செய்வாள். அன்றைக்கு அந்த ஆசை எதுவும் இல்லாமல்தான் சொன்னார்.

"மாமா, இப்போ கேமராவுல கார்டு கிடையாது. ஊரான் வீட்டுப் படத்த போட்டோக்காரன் கையில வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாச்சுல்லா. கேமராவுக்குள்ள இருபது படம் தங்கும், அவ்வளவுதான். எடுக்க எடுக்க அது போனுக்குக் காத்து வழியா குடுத்துரும். போனு தன்னோட டேட்டாவுல மேல அனுப்பிரும். கம்பெனி சர்வர்ல போய்ச் சேந்துட்டுன்னு பதில் வந்தா, கேமரா அந்தப் படத்த அழிச்சுட்டு அடுத்ததுக்கு எடம் ஒதுக்கும்."

"சரி, போகுது. போற வழியில கண்ணு எப்படிவே தொறக்கும்?"

"ஒங்க ஊருல சிக்னல் எங்க இருக்கு? மேக்க மலை மறைக்கு. ஒரு படம் முழுசாப் போக அங்க ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குத்தான் சிக்கனம்னு ஒரு முறை. சாம்பார இங்க இருந்து மெட்ராசுக்குத் தூக்குல ஊத்திக் குடுத்து விடுதோம்னு வச்சுக்கிடுங்க, கனம். அதுக்குப் பதிலா, பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவுன்னு ஒரு சீட்டு எழுதி அனுப்பிட்டா? அங்க உள்ள அடுக்களையில சாமான் எல்லாம் இருக்கு. வச்சுக் குடுத்துருவான். அதே மாதிரி, யாரு, எங்க நிக்காவ, எந்தப் பக்கம் வெளிச்சம்னு போனு ஒரு சீட்டுத்தான் அனுப்பும். நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது. சர்வர்கிட்ட அவங்க பழைய படம் எல்லாம் இருக்கும். அத வச்சு வரைஞ்சுரும்."

வன்னியராஜ் போனை வாங்கி மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப இத்தன வருசமா நீரு எடுத்ததெல்லாம் அடுக்களைச் சாம்பார்தானா?" என்றார்.

கோமதிநாயகம் தன் போனை எடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டு, படங்களை வாங்கி வைக்கும் ஒளிமடல் கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். ரெஜினா என்ற பெண் எடுத்தாள். படத்தின் எண்ணைக் கேட்டாள். தட்டச்சு ஓசை கேட்டது. பிறகு ஓசை நின்றது.

"சார், இது... இறந்தவங்களா?"

"ஆமாம்மா."

"ஐயோ." குரல் தாழ்ந்தது. "நாற்காலி, மாலை, சுத்தி குடும்பம். சிஸ்டம் இத விசேஷம்னு எடுத்துக்கிச்சு சார். மூணு வருஷம் முன்னாடி இதே குடும்பத்துக்கு நீங்க ஒரு விசேஷம் எடுத்திருக்கீங்க, இதே வீட்டு முற்றத்துல."

"அறுவதாம் கல்யாணம்," என்றார் வன்னியராஜ் பக்கத்திலிருந்து.

"அதுல உள்ள முகங்களத்தான் எடுத்து வச்சிருக்கு."

"ஏம்மா, சாவு வீடுன்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு ஒங்க மிசினுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"நாங்க கேட்டோம் சார். மிசினப் பழக்குறதுக்கு அந்தப் படங்கள யாரும் குடுக்குறதில்ல. வீட்டுக்காரங்க அழிச்சிடச் சொல்றாங்க. எங்ககிட்ட இருக்கறது எல்லாமே நல்ல நாள் முகம்தான்." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "அதனால சாவு வீட்டுல சிக்கனம் போடாதீங்கன்னு கையேட்டுல எழுதியிருக்கு சார்."

எழுதியிருந்தது அவருக்கும் தெரியும். சாவு வீட்டில் எப்போதும் அணைத்துவிடுவார். ஆனால் ஆனைப்பாறை என்றாலே கை தானாகச் சிக்கனத்தைப் போட்டுவிடும். அந்த ஊருக்கு அது இல்லாமல் அவர் போனதே இல்லை.

"அசல்?"

"நாங்க வந்துடுச்சுன்னு சொன்னதும் உங்க கேமரா அழிச்சிருக்கும். ஆனா நீங்க அனுப்பின சீட்ட முப்பது நாள் வச்சிருப்போம். அதுல ஓரத்துல ஒரு சின்ன நிழல் படம் இருக்கும், தபால் தலை அளவுக்கு. யாரு எங்க நிக்கறாங்கன்னு சிஸ்டம் பாத்துக்கறதுக்கு. அது மட்டும்தான் சார் உங்க கேமரா நிஜமாப் பாத்தது. அனுப்பவா?"

"அனுப்பும்மா."

வந்தது. கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதானது. நடுவில் ஒரு முகம். அந்த முகத்தில் கண் இருக்கும் இடங்களில் கண்ணுக்கு ஒரு கறுத்த புள்ளி. திறந்த கண்ணா மூடிய கண்ணா என்று அந்தப் புள்ளியைப் படைத்தவனாலும் சொல்ல முடியாது.

ஆனைப்பாறைக்குப் போகும் வழியெல்லாம் வன்னியராஜின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கோமதிநாயகம் முந்தின நாளைத் திரட்டிப் பார்த்தார்.

அந்த ஊரில் அவர் வேலை செய்கிற விதமே தனி. போனை ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, தேங்காய் பறிக்கும் தொரட்டியின் நுனியில் கட்டி, கூரைக்கு மேலே தூக்கி நட்டுவிடுவார். மலையைத் தாண்டி வரும் சிக்னலில் கொஞ்சம் அந்த உயரத்தில்தான் சிக்கும். கேமரா கீழே அவர் கையில் இருக்கும். கேமராவிலிருந்து டப்பாவுக்கு இருபது முப்பது அடி. அது சின்ன அலை, சுலபமாகப் போய்விடும். டப்பாவிலிருந்து செல்போன் கோபுரத்துக்குப் போவதுதான் பாடு. எவ்வளவு போயிருக்கிறது என்று கேமராவின் திரையில் ஒரு பச்சைக் கோடு நிறைந்துகொண்டே வந்து காட்டும். கோடு நிறையாமல் இருபது படம் தேங்கிவிட்டால் கேமரா அடுத்த படம் எடுக்காது. அதனால் ஒரு கண் எப்போதும் கோட்டின் மேல் இருக்க வேண்டும்.

நேற்றும் இருந்தது. நீர்மாலை எடுத்து வந்தார்கள், அந்தத் தண்ணீரில் உடம்பைக் குளிப்பாட்டி நாற்காலியில் சாத்தினார்கள், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. 'சீக்கிரம் ஆகட்டும்' என்று யாரோ சொன்னார்கள். இவர் அழுத்திக்கொண்டே இருந்தார். இசக்கிதுரையின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது, அவனால் வர முடியாது, வீடியோ காலுக்கு அந்த ஊரில் வழியில்லை. 'அண்ணாச்சி, அப்பா மொகத்த மட்டும் எப்படியாவது எனக்கு அனுப்பிருங்க' என்று காலையில் அவன் போனில் கெஞ்சியிருந்தான். அதனால்தான் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சொர்ணத்தம்மாள் வீட்டின் உள் அறையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள். படத்தை அவளும் பார்த்திருந்தாள்.

"என்னைச் சிரிக்க வச்சிட்டியளே அண்ணாச்சி," என்றாள். 

தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் பாதி ஏறினால்தான் அந்த ஊரில் பேச முடியும். மூவரும் ஏறினார்கள். முதல் மணியிலேயே இசக்கிதுரை எடுத்தான்.

"தம்பி, நான் கோமதிநாயகம் பேசுதேன்."

"அண்ணாச்சி, எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. படம் எத்தன மணிக்கு எடுத்திய? அப்பாவத் தூக்குனது எத்தன மணிக்கு?"

"தம்பி, அது அப்பா சிரிப்பு இல்ல. அது மிசின் வரைஞ்சது."

"எல்லாரும் சேந்து ஒரே மாதிரி சொல்லுதிய. மாமா சொல்லிக் குடுத்தாகளா?"

வன்னியராஜ் வாயைத் திறந்தார். சொர்ணத்தம்மாள் அவர் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"ஒனக்கு இப்ப ஒரு சின்னப் படம் அனுப்புதேன்," என்றார் கோமதிநாயகம். "அழகா இருக்காது. ஆனா நான் அனுப்பின சீட்டுல இருந்த நெசம் அது மட்டுந்தான். வந்துட்டா?"

"...வந்துட்டு. என்ன இது? ஒண்ணும் தெரியல."

"முழிச்சுப் பாக்காத. கண்ணச் சுருக்கிக்கிட்டு, போனக் கை நீட்டித் தள்ளிப் பிடிச்சுப் பாரு. புள்ளி எல்லாம் அப்பத்தான் சேரும். மொகத்துக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு கோடு இறங்குது பாரு. உச்சியில இருந்து தாடை வரைக்கும்."

மறுமுனையில் அவன் போனைத் தள்ளிப் பிடிக்கும் ஓசை கேட்டது.

"பெரிய படத்துல அது இருக்கா? இல்ல. ஏன்னா அது நாடிக்கட்டு, வாயி தொறந்துக்கிடாம இருக்கக் கட்டுத துணி. அப்பிடி ஒண்ண அந்த மிசின் எந்தக் கல்யாணத்துலயும் பாத்ததில்ல. அதனால அழிச்சுட்டு. இப்ப நெத்தியப் பாரு. நடுவுல ஒரு புள்ளி மட்டும் மத்ததவிட வெள்ளையா மின்னும்."

"ஆமா."

"பெரிய படத்துல அது சந்தனப் பொட்டு. ஆனா சந்தனம் இப்பிடி மின்னாது தம்பி. வெளிச்சம் பட்டு மின்னுது அது. அது..."

"நெத்திக்காசு," என்றான் இசக்கிதுரை.

அதற்குப் பிறகு அவன் அழுதான். முந்தின நாள் வேலை இடத்தில் அழ முடியாமல் போனதையும் சேர்த்து அழுதான். படிக்கட்டில் மூன்று பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். அழுகை ஓய்ந்தபோது அவன் குரலில் சண்டை இல்லை.

"சரி அண்ணாச்சி. நம்புதேன். கட்டும் காசும் வச்ச பெறவு எடுத்த படந்தான், அந்தச் சிரிப்பு அப்பாவோடது இல்ல. ஆனா எனக்கு அப்பா மொகம் இன்னும் கிடைக்கலையே. இந்தப் புள்ளியில மொகம் இல்ல, அந்தப் படத்துல இருக்கிறது அப்பா இல்ல. நீங்க நேருக்கு நேரா நின்னிய. நாலு அடியில நின்னிய. எப்படி இருந்தாவ? அத மட்டும் சொல்லுங்க. வலியில இருந்த மாதிரியா, நிம்மதியாவா?"

'தூங்குத மாதிரி இருந்தாவ தம்பி' என்று ஒரு வாக்கியம் கோமதிநாயகத்தின் நாக்கு நுனிக்கு வந்தது. சாவு வீட்டில் எல்லோரும் சொல்கிற வாக்கியம். யாருக்கும் கேடில்லாதது. சொல்லியிருந்தால் அவனும் ஏற்றுக்கொண்டிருப்பான். ஆனால் அதுவும் பழைய முகத்தை எடுத்துப் புது இடத்தில் வைக்கிற வேலைதானே என்று அவருக்குத் தோன்றியது. சர்வர் செய்ததைத் தானும் ஒருமுறை செய்ய அவருக்கு வாய் வரவில்லை.

"நான் பாக்கல தம்பி," என்றார்.

"என்னது?"

"நூத்திப் பதினாலு படம் எடுத்தேன். ஒண்ணுலகூட அப்பா மொகத்தப் பாக்கல. ஒனக்குப் போய்ச் சேரணுமேன்னு கோடு நிறையுததையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். மன்னிச்சுக்கோ."

 கத்தாரில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவன் சிறுபிள்ளை போலக் கேட்டான்.

"அப்ப யாருதான் பாத்தா?"

சொர்ணத்தம்மாள் கை நீட்டிப் போனை வாங்கினாள். படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேம்யா," என்றாள். "நான் சொல்லுதேன், கேளு. எடது கண்ணு முழுசா மூடல. மூணு தடவ கையால அமுக்கி விட்டேன், மூணு தடவையும் நூல் அளவு தொறந்துக்கிட்டு. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தாடி ரெண்டு நாளு தாடி, வெள்ளையாக் குத்திக்கிட்டு இருந்துச்சு. செரைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. வாயி ஒரு பக்கமாக் கோணிட்டு. கஞ்சியில உப்பு இல்லன்னா கோணிக்கிட்டு என்னப் பாப்பாவல்லா, அந்த மாதிரி. வலி இருந்துச்சுய்யா. இல்லன்னு சொல்ல மாட்டேன். நெத்தியில தெரிஞ்சுது. குளிப்பாட்டும்போது அது கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டு. காது மட்டும் அப்பிடியே இருந்துச்சு, ஒங்காது மாதிரி..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மகன் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினான். வன்னியராஜும் கோமதிநாயகமும் ஓசைப்படாமல் கீழே இறங்கி வந்து, தொட்டி நிழலில் நின்றார்கள். அவள் பேசி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கோமதிநாயகம் ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்து கண்ணாடிக் கதவு வழியே எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. அந்தச் சுவரில்தான் குழல்வாய்மொழியின் படம் மாட்டியிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், அவள் போவதற்கு மூன்று வாரம் முன்பு, செங்கோட்டைக்கு மேலே ஓர் அணைக்கரையில் எடுத்த கடைசிப் படம். காற்றில் தலைமுடி பறக்க, வாய் விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். 'அந்தச் சீக்கோடவும் எப்படிச் சிரிக்காவ பாருங்க' என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். கோமதிநாயகம் அவர்களை அருகே அழைத்து, மூக்குத்திக் கல்லில் தெறிக்கும் ஒளியைக் காட்டி, அந்த நேரத்து வெயில் எந்தக் கோணத்தில் விழுந்தது என்று விளக்குவார்.

இன்று அவர் அருகே போய் நின்று அந்த மூக்குத்தியைப் பார்த்தார்.

மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன அலுமினிய டப்பா. அதற்குள் பஞ்சில் பொதிந்து மூக்குத்தி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குள் போகும்போது நர்ஸ் கழற்றி அவர் கையில் கொடுத்தது. அது பங்குனியில். மருந்தில் மூக்கு வீங்கிப்போய்த் துளை தூர்ந்துவிட்டது. அப்புறம் அவள் அதைப் போடவே இல்லை. அணைக்குப் போனது வைகாசியில்.

அணைக்கரையில் சிக்னல் இல்லை. சிக்கனத்தைப் போட்டு, போனைத் தொரட்டியில் கட்டித்தான் தூக்கினார்.

சீட்டை முப்பது நாள் வைத்திருப்போம் என்று ரெஜினா சொல்லியிருந்தாள்; இதற்கு நான்கு வருஷம் ஆகிவிட்டது. அணைக்கரையில் அன்றைக்குக் குழல்வாய்மொழியைப் பார்ப்பதற்கு அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். காற்று வந்தது. தண்ணீர்ச் சத்தம் வந்தது. அவள் கட்டியிருந்த ஊதா நிறச் சேலையின் கரை கூட வந்தது. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"ஏங்க, நிக்க முடியல. முடிஞ்சுதா?"

"இரு இரு," என்று சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."